தேயிலை பிடுங்கிய நிலத்தில் சோயா: கேள்வி பதில்

பசறை: லயத்துக்குப் பின்னால் தேயிலை பிடுங்கிய இருபது பேர்ச் நிலத்தில் சோயா விதைத்தேன். முழங்கால் உயரம்கூட வரவில்லை, இலையும் மஞ்சள். யூரியா எவ்வளவு போடலாம், ஐயா?

பதில்: யூரியாவை இப்போதைக்கு விடுங்கள், தம்பி. தேயிலைக்கு மண்ணின் பி.எச். (அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 4.5 முதல் 5.5 வரை போதும், சோயாவுக்கு 6க்கு மேல் வேண்டும். அமிலம் கூடிய மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியை வளரவிடாது. போடுகிற பொஸ்பரஸையும் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் மண்ணைப் பரிசோதித்து, அதில் வரும் அளவுக்கு டோலமைட் (அமிலத்தைக் குறைக்கும் சுண்ணக்கல் தூள்) போட்டுக் கொத்திக் கலந்துவிடுங்கள். விதைப்பு ஒரு மாதம் கழித்துத்தான். விதைக்கும்போது டி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளையை நன்றாக உக்கிய கூட்டெருவோடு கலந்து வரியில் இடுங்கள். எரு சூழ்ந்திருந்தால் பொஸ்பரஸ் அவ்வளவு சீக்கிரம் மண்ணில் சிக்காது.

பூக்கும் நேரத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் செடி தனக்கு வேண்டிய நைதரசனைக் காற்றிலிருந்து எடுக்கிறது. வெள்ளையென்றால் எடுக்கவில்லை. சோயாவே கண்டிராத நிலத்தில் அதற்குரிய ரைசோபியம், அதாவது வேரில் முடிச்சு உண்டாக்கும் பக்டீரியா, இருக்காது. விதையில் அதை நிழலில் வைத்துப் பூசி, அன்றே விதைக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: டோலமைட்டையும் கோழி எருவையும் சேர்த்துப் போடக்கூடாது. நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

நுவரெலியா: இங்கே சோயா வருமா?

பதில்: குளிர் கூடுதல். லீக்ஸ், கரட் போடுங்கள்.

வெலிமடை: மரத்தூள் சும்மா கிடைக்கிறது.

பதில்: பச்சையாகப் போட்டால் உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும். கோழி எரு, கிளிரிசிடியா இலையோடு குவித்து உக்கவிட்டுப் போடுங்கள்.

மாத்தளை: எப்பாவல பொஸ்பேட் (எப்பாவலையில் தோண்டும் பாறைப் பொஸ்பேட்) மலிவு, டி.எஸ்.பி.க்குப் பதிலாக அதைப் போடலாமா?

பதில்: அது மெதுவாகக் கரைவது. தேயிலைக்குச் சரி, சில மாதப் பயிருக்குப் பிந்திவிடும். டோலமைட் போட்ட மண்ணில் இன்னும் பிந்தும்.

ஹப்புத்தளை: இரசாயனப் பசளை எதற்கு? எரு, இலைதழை போன்ற சேதனம் மட்டும் போதாதா?

பண்டாரவளை: 2021ஐ அதற்குள் மறந்துவிட்டீர்களா? மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். இடையில் பட்டது நாங்கள்.

ஹப்புத்தளை: அது அவசரத்தின் தோல்வி. சேதனத்தின் தோல்வி இல்லை.

பதில்: இரண்டு பேரும் பொறுங்கள். அவசரம் என்பது உண்மை. ஆனால் வறிய மண்ணில் முளைத்த புல்லைத் தின்ற மாட்டின் எருவில் பொஸ்பரஸ் எங்கிருந்து வரும்? அறுவடையில் விதையோடு வெளியே போவதையும் ஈடு செய்ய வேண்டுமே. பண்டாரவளைக்காரருக்கும் சொல்கிறேன்: சரிவில் சேதனம் இல்லாமல் பசளை மட்டும் போட்டால் ஒரு மழை போதும், அடிவார ஓடைக்குப் போய்விடும். எருவும் வேண்டும், அளவான டி.எஸ்.பி.யும் வேண்டும்.

ஹப்புத்தளை: அப்படியென்றால் எரு எவ்வளவு போட்டாலும் டி.எஸ்.பி. வேண்டுமா?

பதில்: கோழி எரு நிறையக் கிடைத்தால் குறைக்கலாம், அதில் பொஸ்பரஸ் கூடுதல். மாட்டெரு மட்டும் என்றால் குறைக்காதீர்கள்.

பதுளை: இலை மஞ்சள். யூரியா எவ்வளவு?

பதில்: பசறைக்குச் சொன்னதைப் படியுங்கள். முடிச்சை வெட்டிப் பார்த்தீர்களா?

புசல்லாவ: டோலமைட்டும் கோழி எருவும் ஒரே நாளில் போட்டால் வேலை மிச்சமாகுமே?

பதில்: வேண்டாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். டோலமைட் முதலில், எரு விதைப்புக்குக் கிட்ட.