ஒரே மேசையில் உண்பவர்கள்: உறைவிடக் கல்லூரி வாழ்க்கை குறித்த கேள்வி பதில்

பல்கலைக்கழக உறைவிடக் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகள் மாணவனாகவும், பின்னர் ஆறு ஆண்டுகள் உடனுறை ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன். அந்த வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கல்லூரி என்றால் பாடம் நடத்தும் இடம் என்றுதான் அறிந்திருக்கிறோம். உறைவிடக் கல்லூரி என்பது விடுதிக்குச் சூட்டிய பெருமைப் பெயர்தானா?

இல்லை, ஆனால் குழப்பம் நியாயமானதே. இங்கே பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். மாணவர் உறுப்பினராக இருப்பது கல்லூரியில். வால்டர் டி மெர்ட்டன் 1264இல் ஆக்ஸ்ஃபர்டு மெர்ட்டன் கல்லூரிக்கு நிலமும் வருவாயும் எழுதிவைத்து, அங்கே சேர்ந்து வாழும் கல்வியாளர்களுக்கு விதிகளும் வகுத்துத் தந்தார். கேம்பிரிட்ஜின் மிகப் பழைய கல்லூரியான பீட்டர்ஹவுஸ் 1284இல் தோன்றியது. இவ்விரு பல்கலைக்கழகங்களிலும் கல்லூரியே இளநிலை மாணவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஓரிருவரை மட்டும் எதிரே அமர்த்தி நடத்தும் சிறு வகுப்புகளுக்கும் அதுவே பொறுப்பு. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்திலோ பாடம் முழுவதும் துறைகளின் பொறுப்பு. அங்குள்ள 17 கல்லூரிகளும் வகுப்பு நடத்துவதில்லை. ஆயினும் அங்கே கல்லூரிப் பற்று சற்றும் குறைந்ததல்ல. டர்ஹம் மாணவர்களில் பலர் இரண்டாம் ஆண்டிலேயே வெளியே வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்போதும் கல்லூரியின் படகுக் குழுவிலும் பாடகர் குழுவிலும் அவர்கள் நீடிக்கிறார்கள். அறையைக் காலி செய்ததும் விடுதியோடு உறவு முடிந்துவிடுகிறது, கல்லூரியோடு முடிவதில்லை.

கேள்வி: ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் குணம் உண்டு என்கிறார்களே, அது உண்மையா, விளம்பரமா?

இரண்டும் கலந்தது. இதைச் சோதித்துப் பார்த்ததற்கு நிகரான நிகழ்வு ஒன்று ஹார்வர்டில் நடந்தது. அங்கே உறைவிடக் கல்லூரிகளுக்கு ஒப்பான ‘ஹவுஸ்’ அமைப்பு 1930இல் தொடங்கியது. நெடுங்காலம் மாணவர்கள் தமக்குப் பிடித்த ஹவுஸைத் தாமே விரும்பிக் கேட்க முடிந்ததால், கலை நாட்டம் உடையோர் ஆடம்ஸுக்கும் விளையாட்டு வீரர்கள் கிர்க்லண்டுக்கும் போய்ச் சேர்ந்தனர். ஒவ்வொன்றுக்கும் அழுத்தமான முகம் அமைந்தது. 1990களின் நடுவில் நிர்வாகம் அந்த உரிமையை எடுத்துவிட்டு, சேர்ந்து வசிக்க விரும்பும் நண்பர் குழுக்களை மட்டும் அனுமதித்து, எந்தக் குழு எங்கே என்பதைக் குலுக்கலுக்கு விட்டது. பழைய முத்திரைகள் சில ஆண்டுகளிலேயே மங்கின. ஆகவே ‘குணம்’ என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, தம்மைப் போன்றவர்களோடு போய்ச் சேரும் பழக்கத்தின் விளைவுதான்.

எல்லாம் அதுவே என்றும் சொல்லிவிட முடியாது. கல்லூரியில் எத்தனை பேர், எல்லோரும் கடந்து செல்லும் முற்றம் உண்டா அல்லது ஆளுக்கொரு படிக்கட்டாகப் பிரிந்துவிடுகிறார்களா, சமையலறை பொதுவானதா, கல்லூரித் தலைவர் வளாகத்தில் குடியிருக்கிறாரா என்பவையும் குணத்தை உருவாக்குகின்றன. ஏறத்தாழ முந்நூறு பேர் உள்ள இடத்தில் முகமறியாதவர் எவரும் இருப்பதில்லை. ஆயிரத்தைத் தாண்டினால் அது தெருவாகிவிடுகிறது. கட்டடத்தின் வயதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

கேள்வி: நான் கூச்ச சுபாவம் உடையவள். நீண்ட அங்கி அணிந்து, பெரிய கூடத்தில் உண்ணும் சடங்கை நினைத்தாலே தயக்கமாக இருக்கிறது. அது கட்டாயமா?

முறைசார் விருந்து பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை. அங்கியைக் கைவிட்ட கல்லூரிகளும் பல. உயர்மேசைக்கு ஆசிரியர்கள் வரும்போது எழுந்து நிற்பதும், லத்தீனில் ஓதப்படும் இரண்டு வரிப் பிரார்த்தனையும் மூன்றாவது முறையிலேயே பழகிப்போகும்.

நீங்கள் தவறவிடக் கூடாதது அன்றாட உணவு வேளையை. 1846இல் டர்ஹமில் ஹாட்ஃபீல்டு என்னும் கல்லூரியைத் தொடங்கிய டேவிட் மெல்வில், வசதி குறைந்த மாணவர்களும் படிக்க முடிய வேண்டும் என்று எண்ணினார். அறைகளைத் தட்டுமுட்டுப் பொருள்களோடு வாடகைக்குத் தருவது, எல்லோரும் கூடத்திலேயே சேர்ந்து உண்பது, கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவது என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். செலவைக் குறைக்க வந்த ஏற்பாடு, யாரும் தன் அறையில் தனித்து உண்ணாத வாழ்க்கையாக மாறிப்போனது.

எங்கள் கூடத்தில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: தட்டோடு வருபவர் விருப்பமான இடம் தேடாமல், நீண்ட பலகையில் அடுத்துக் காலியாக இருக்கும் இடத்தில் அமர வேண்டும். முதலாண்டில் ஒருநாள் இசை பயிலும் மூத்த மாணவி ஒருவர் அருகே அமர நேர்ந்தது. நான் கணிதம் படிக்கிறேன் என்று தெரிந்ததும், இரண்டு குவளைகளில் வெவ்வேறு அளவில் நீர் ஊற்றிக் கரண்டியால் தட்டிக்கொண்டே, பன்னிரண்டு பஞ்சமங்களை அடுக்கினால் ஏழு ஸ்தாயியோடு பொருந்தாமல் சிறிது மிஞ்சிவிடுவதேன் என்று கேட்டார். கணக்கைக் காகிதக் கைக்குட்டையில் போட்டு முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போயிற்று. நானும் கூச்ச சுபாவக்காரன்தான். பேச்சைத் தொடங்கும் பாரத்தை அந்தப் பலகை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. கைபேசியை மட்டும் அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மகனைத் தொலைவில் அனுப்புகிறோம். அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் யார் கவனிப்பார்?

பட்டியலில் நலப்பொறுப்பு ஆசிரியர், துணைத் தலைவர், செவிலியர், மனநல ஆலோசகர் என்று பலர் இருப்பார்கள். என் அனுபவத்தில் முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் போர்ட்டர். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவரை நினைத்துவிடாதீர்கள். வாயிலில் அமர்ந்து சாவி, கடிதம், விருந்தினர் என அனைத்தையும் கையாள்பவர் இவர். எங்கள் போர்ட்டர் ஒரு மாணவனின் கடிதப் பெட்டியில் ஐந்து நாட்களாகக் கடிதங்கள் எடுக்கப்படாமல் கிடப்பதைக் கண்டு என் கதவைத் தட்டினார். அந்த மாணவன் அறையில் இருந்தான்; உண்ணவில்லை, உறங்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அன்றிரவே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஒரு கல்விப் பருவம் விடுப்பில் இருந்த பின் அவன் திரும்பி வந்து படிப்பை முடித்தான்.

மகன் பதினெட்டு வயது நிறைந்தவன் என்றால், அவன் ஒப்புதல் இல்லாமல் கல்லூரி உங்களிடம் பொதுவாக எதையும் தெரிவிக்காது. நெருக்கடியில் யாரை அழைக்கலாம் என்று சேரும்போதே அவனை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு நெருக்கத்தில் ராகிங், குடி, அத்துமீறல் எல்லாம் இருக்குமே?

இருக்கும், இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் உறைவிடக் கல்லூரிகளில் நிலவிய பண்பாட்டை, ஆஸ்திரேலியாவின் முன்னாள் பாலினப் பாகுபாட்டு எதிர்ப்பு ஆணையர் எலிசபெத் பிராடெரிக் தலைமையிலான குழு ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. மதுவும் புதியவர்களை இழிவுபடுத்தும் மரபுகளும் பாலியல் துன்புறுத்தலும் அதில் பேசப்பட்டன. மூத்தவரின் நட்பு இல்லாமல் புதியவருக்கு அங்கே இடமில்லை என்ற நிலை வரும்போது, அதே நட்பு அவரை அடக்கும் கருவியாகிறது. ‘நம் கல்லூரியின் பெயர் கெடக் கூடாது’ என்ற பற்று வாயை அடைக்கிறது. ஆகவே மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள்: வரவேற்பு வாரத்தை நடத்துவது யார், மது இல்லாத நிகழ்ச்சிகள் உண்மையில் எத்தனை, புகாரைக் கல்லூரிக்கு வெளியே, பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கொடுக்க வழி உண்டா. மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

கேள்வி: பெண்களுக்கு மட்டுமான கல்லூரிகள் இன்னும் தேவைதானா?

கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி 1869இல் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகமோ 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் தரவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவர்களைத் தாங்கியது கல்லூரிதான். இன்று கர்ட்டன் இருபாலருக்குமானது; நியூன்ஹாமும் மரே எட்வர்ட்ஸும் பெண்கள் கல்லூரிகளாகத் தொடர்கின்றன. அங்கே படித்த என் மாணவிகள் சிலர் வேறிடம் வேண்டாம் என்றார்கள், ஒருத்தி சலிப்பாக இருந்தது என்றாள். தேவையா என்பதைவிட, தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருப்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: முனைவர் பட்ட மாணவருக்குக் கல்லூரியால் பயன் உண்டா?

ஆய்வகமே உலகமாகிவிட்டவருக்குக் குறைவு. நூலகத்தில் தனித்து உழைப்பவருக்கு மிக அதிகம். முதுநிலை மாணவர்கள் கூடிப் பேசுவதற்கெனத் தனியாகப் பொது அறை உள்ள கல்லூரியாகப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு நாள் நேரில் பார்க்க முடியும். எதைப் பார்க்க வேண்டும்?

வழிகாட்டி அழைத்துச் செல்லும் நூலகத்தையும் தேவாலயத்தையும் விரைவாகப் பார்த்துவிட்டு, இரவு உணவு முடிந்த பின்னும் அரைமணி நேரம் கூடத்தின் ஓரத்தில் இருங்கள். தட்டுகளை எடுத்துச் சென்ற பிறகும் எத்தனை பேர் எழாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள், துப்புரவுப் பணியாளரை யாராவது பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று கவனியுங்கள்.