ஒயின், பீரைத் தெளிய வைக்க இயற்கைப் பொருள் நல்லதா, செயற்கையா?

ஏற்காட்டுத் தோட்டத்துப் பேரிக்காயில் ஒயின் போட ஆசை, நான் சைவம், அதனால் கெமிக்கல் இல்லாமல் இயற்கையாகத் தெளிய வைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைவம் என்றால் தெளிய வைக்கப் போடும் 'இயற்கை'ப் பொருள்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பை. ஜெலட்டின் மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சிவப்பு ஒயினுக்கு முட்டை வெள்ளைக்கரு போடுவார்கள். காலங்காலமாக ஐசிங்கிளாஸ் போட்டு வந்த கின்னஸ் பீர் கம்பெனி, அதை விடப்போவதாக 2015-ல்தான் அறிவித்தது. நீங்கள் பயப்படும் 'கெமிக்கல்' வகையில் தெளிய வைக்கப் போடும் பி.வி.பி.பி. செயற்கைதான், பிளாஸ்டிக் வகைப் பொடி. ஆனால் பீரிலோ ஒயினிலோ கரையாது. குளிரில் பீர் மங்கலாவதற்குக் காரணமான பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு வடிகட்டியில் நின்றுவிடும். உயிரினச் சம்பந்தம் துளியும் இல்லை.

சொந்த ஊர் சேலம் சூரமங்கலம். வேலை கர்நாடகத்தில் ஒரு ஒயின் ஆலை லேபில். அங்கே நான் முதலில் கையில் எடுப்பது பெண்டோனைட். எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண். தேத்தாங்கொட்டையைப் பானையில் இழைத்தால் தண்ணீரில் கலங்கல் சேர்ந்து அடியில் இறங்குமே, வேலை அதே மாதிரிதான். பெண்டோனைட்டுக்கு எதிர் மின்னேற்றம், ஒயினில் உள்ள புரதத்துக்கு நேர் மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக் கனத்து மண்டியாகிவிடும். வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, ஒரு நாள் ஊறவிட்டு, கூழானபிறகே ஊற்ற வேண்டும். பொடியாகக் கொட்டினால் கட்டி தட்டி, பாதி வேலைகூடச் செய்யாது. லிட்டருக்கு அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம். அதற்கு மேல் போனால் பழ வாசனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு அதுதான் மனசு கேட்காது. அதனால் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு அளவு போட்டு, பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்போம். ஒளிக்கற்றை உள்ளே கோடாகத் தெரிந்தால் இன்னும் கலங்கல் இருக்கிறது. கோடு மறையும் குழாய்களில் எதில் அளவு குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வோம்.

சிவப்பு ஒயினின் துவர்ப்பைக் குறைக்க பெண்டோனைட் அவ்வளவாக உதவாது. அங்கே வெள்ளைக்கருவின் மென்மை பி.வி.பி.பி.க்கு வராது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, சட்டம். நாட்டிலேயே முதலில் மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-ல், ராஜாஜி ஆட்சியில். இன்று கடைகள் இருந்தாலும், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம். பேரிக்காயை ஜூஸாகப் போடுங்கள், அதற்கும் இதே முறைதான். ஆனால் பேரிக்காய்க் கலங்கலுக்கு முக்கியக் காரணம் பெக்டின், பழத்தில் இருக்கும் கூழ் போன்ற பொருள். அதன் முன்னால் களிமண்ணும் மீன்பையும் தோற்றுவிடும். முதலில் பெக்டினேஸ் என்சைம் போட்டு அதை உடைத்துவிட்டு, பிறகு பெண்டோனைட் போடுங்கள்.