லாரி டிரைவர் வேலைக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பி.காம். முடித்து, நூற்பாலை அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பெரியப்பா மகன் லாரிக்குப் போகிறான். என்னைவிட அதிகமாக வீட்டுக்குக் கொடுக்கிறான். எனக்கும் ஆசை வருகிறது. எதை நம்பி இந்தத் தொழிலுக்கு இத்தனை பேர் வருகிறார்கள்?
*வாசகர், திருச்செங்கோடு*

உங்கள் வட்டாரத்தைப் பொறுத்தவரை முதல் காரணம் மண். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் மானாவாரி நிலம் அதிகம். மழை பொய்த்த ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் ஸ்டீயரிங் பிடித்தார்கள். அவர்களைப் பார்த்துப் பங்காளிகள் வந்தார்கள். பாடி கட்டும் பட்டறையும் டயர் கடையும் புக்கிங் ஆபீஸும் ஊருக்குள்ளேயே இருப்பதால், வேலை தேடி வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்த காரணம் பணம். அந்தப் பணம் எப்படி வருகிறது என்பதைப் பார்க்காமல் ஆசைப்படாதீர்கள். மாதச் சம்பளத்தோடு தினப் பேட்டா ஒரு முறை. வாடகையில் இத்தனை சதவீதம் என்பது இன்னொரு முறை. ட்ரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவது மூன்றாவது. நாமக்கல்லிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். ஒற்றை டிரைவர் நாளுக்கு 400, 450 கிலோமீட்டர் ஓட்டினால் போகவே ஐந்தாறு நாள். இறக்கும் இடத்தில் இரண்டு நாள், ரிட்டர்ன் லோடு கிடைக்க மூன்று நாள் என்று வண்டி நின்றால், சதவீதக் கணக்கில் இருப்பவருக்கு அந்த நாட்களில் வருமானம் இல்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும் உண்டு. ஆகவே பெரியப்பா மகன் ஒரு மாதத்தில் கொடுத்ததைப் பார்க்காமல், ஓராண்டில் கொடுத்ததை அவர் வீட்டை விட்டு வெளியே இருந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். கணக்கு எழுதுபவர் நீங்கள், பத்து நிமிட வேலை. அந்தத் தொகை இப்போதைய தினச் சம்பளத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால் மட்டுமே பண விஷயத்தில் இந்த மாற்றம் சரி.

தலைக்கு மேல் மேனேஜர் நிற்காத வேலை என்று வருகிறவர்களும் உண்டு. அது பாதி உண்மை. வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. சாதாரண சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காலாவதியாகிறது. வண்டி பழுதாகி நின்றால், பில் முடிவதற்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டித்தாக வேண்டும். அதை ஆபீஸுக்கு நினைவூட்டுவதும் டிரைவர் பொறுப்பாகிவிடுகிறது.

ஹெவி லைசென்ஸ் எடுக்கப் படிப்பு வேண்டுமா? என்னென்ன படிகள்?
*வாசகர், ராசிபுரம்*

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. வயது 20 நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அரசின் சாரதி இணையதளத்தில் எல்.எல்.ஆருக்கு (பழகுநர் லைசென்ஸுக்கு) விண்ணப்பிக்கலாம். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ கட்டாயம். பார்வைக் குறை இருந்தால் முதலில் கண்ணாடி போட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5-உம் வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்த பிறகு டெஸ்டுக்குப் போகலாம். லைசென்ஸ் கைக்கு வந்தபின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ஸ்டீயரிங் என் கையில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்? பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

இன்னொன்று. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்ட இலகுரக லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஹெவிக்குக் காத்திருக்கும் ஓராண்டைச் சும்மா கழிக்காமல் டாடா ஏஸ், பிக்கப் வண்டிகளில் ஓடலாம். லோடு ஏறிய வண்டி எப்படி நிற்கும், எப்படித் திரும்பும் என்று உடம்பு பழகிவிடும்.

அந்தக் காலத்தில் கிளீனராக ஏறித்தான் டிரைவர் ஆவார்கள் என்கிறார் அப்பா. இப்போது நேராகவே சீட்டில் உட்காருகிறார்களே, அது சரியா?
*வாசகி, மோகனூர்*

அப்பா சொல்வது முழுக்க உண்மை. இந்தத் தொழிலின் பள்ளிக்கூடமே கிளீனர் சீட்டுதான். தார்ப்பாய் போடுவது, கயிறு கட்டுவது, ஜாக்கி வைப்பது, டயரைத் தட்டிச் சத்தத்திலேயே காற்றுக் குறைவைக் கண்டுபிடிப்பது, ரிவர்ஸில் பக்கம் பார்ப்பது எல்லாவற்றையும் இரண்டு மூன்று ஆண்டு பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். செலவைக் குறைக்கப் பல உரிமையாளர்கள் கிளீனரை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று வருந்துகிறோம். புதிதாக வருகிறவர் முதல் ஆறு மாதமாவது அனுபவசாலியோடு இரட்டை டிரைவராகப் போக வேண்டும். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், சில பாடங்களைத் தவறு செய்து கற்க முடியாது. சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். கியர் இல்லாவிட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. முழு எடையும் சக்கர பிரேக் மேல் விழுகிறது. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கிறது. அடிக்கடி மிதித்து விடுவதால் ஏர் டேங்கில் காற்றழுத்தமும் இறங்குகிறது. அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட வேண்டும், நடுவில் மாற்ற முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்பதும் பொய். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகிறது.

ஓவர்லோடும் அப்படித்தான். இரண்டு அச்சு, ஆறு டயர் லாரிக்கு மொத்த எடை 18.5 டன், பத்து டயர் வண்டிக்கு 28.5 டன் என்பது 2018 முதல் உள்ள வரம்பு. மீறினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதத்தை உரிமையாளர் கட்டுவார். நிற்காத வண்டியில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்.

என் மகன் கேஸ் டேங்கருக்குப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?
*ஒரு தாய், பரமத்தி வேலூர்*

அம்மா, லாரித் தொழிலுக்குள் ஒழுங்கான வேலை என்று சொன்னால் அதில் டேங்கரும் வரும். ஒப்பந்த ஓட்டம். ரிட்டர்ன் லோடு தேடி அலைய வேண்டாம், தார்ப்பாய், கயிறு வேலை இல்லை. மகன் அதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சாதாரண ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. அபாயகரமான பொருட்களுக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் மறுபயிற்சியோடு புதுப்பிக்க வேண்டும். இந்திய மொழி ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், டேங்கை முழுக்க நிரப்புவதில்லை. உள்ளே திரவம் அலையடிக்கும். வளைவில் வேகமாகத் திருப்பினால் திரவம் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையே கவிழ்க்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மற்ற லாரிக்காரர்கள் போல வண்டி ஓரத்தில் அடுப்பு வைத்துச் சமைக்கவும் கூடாது. அதனால் சாப்பாட்டுச் செலவு கூடும்.

மகனிடம் நீங்கள் வாங்க வேண்டிய வாக்குறுதி தூக்கத்தைப் பற்றியது. பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணிவரை உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் அசந்தால் 66 மீட்டர் ஓட்டுநரே இல்லாத வண்டி. டீயும் பாக்கும் அதைத் தடுக்காது. பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டித் தூங்குவதுதான் வழி. அப்படித் தூங்கினால் திட்டாத உரிமையாளரா என்று முன்பே விசாரியுங்கள்.

விபத்து நடந்தால் டிரைவர் ஓடிவிட வேண்டும் என்கிறார்கள். பத்தாண்டு சிறை என்பதும் உண்மையா?
*வாசகர், கரூர்*

ஓடக் கூடாது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவரின் கடமை. உடனே 108-ஐ அழையுங்கள். கூட்டம் அடிக்க வந்து உயிருக்கு ஆபத்து என்றால் இடத்தை விட்டு விலகலாம், அதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் விலகி நேராகப் போக வேண்டிய இடம் பக்கத்துக் காவல் நிலையம். 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தே ஆக வேண்டும். தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்பது நடைமுறையில் இருக்கிறது.

நான்கைந்து ஆண்டு ஓட்டிவிட்டுச் சொந்த லாரி வாங்கலாம் என்றுதான் வந்தேன். எப்போது வாங்கலாம்?
*வாசகர், சங்ககிரி*

முன்பணம் சேர்ந்துவிட்டது என்பதற்காக வாங்காதீர்கள். தவணையோடு, இன்சூரன்ஸ், ஆண்டுக்கு 16,500 ரூபாய் நேஷனல் பர்மிட் கட்டணம், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), டயர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். புது வண்டிக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்குமேல் ஆண்டுதோறும். அதனால் எட்டு வயது தாண்டிய பழைய வண்டி விலை மலிவாகத் தெரிந்தாலும் பட்டறைச் செலவு இழுக்கும். பத்து டயர் வண்டியில் டயர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேயும். பலருடைய சேமிப்பு அங்கேதான் கரைகிறது. மூன்று மாதம் வண்டி நின்றாலும் தவணை கட்டும் பணம் தனியாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, லோடு கொடுக்கும் இரண்டு மூன்று இடங்கள் உங்கள் பேரை நம்ப வேண்டும். அதற்கான வேலையை இன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் புறப்பட்ட கிலோமீட்டர், டீசல் லிட்டர், அட்வான்ஸ், வழிச் செலவு, இறக்கிய தேதி என நோட்டில் எழுதி, ட்ரிப் முடிந்ததும் அன்றே கணக்கை முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். எந்த ரூட்டில் வாடகை கையில் மிஞ்சுகிறது, எந்த ரூட்டில் டீசலுக்கே போகிறது என்பதை அந்த நோட்டு காட்டும். எந்த மில் வாசலில் வண்டியை எத்தனை நாள் நிறுத்திவைக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.