விண்டோஸ் 10-ஆ, 11-ஆ? பில்டு எண்ணைப் பாருங்கள்

கேள்வி: சின்னதாக ஒரு ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். கடைக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். "விண்டோஸ் 11 போட்டிருக்கேன்" என்று சொல்லித்தான் விற்றார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் புதிய பிரிண்டரின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) ஏற மாட்டேன் என்கிறது. "திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி" என்று வருகிறது. கஸ்டமர் கேரில் "எந்த வெர்ஷன், எத்தனை பிட்" என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது?

பதில்: திரையின் தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டாஸ்க்பார் ஐகான்கள் நடுவில் இருப்பது, நீல நிறப் பூ வால்பேப்பர் எல்லாவற்றையும் விண்டோஸ் 10-இலும் கொண்டுவந்துவிடலாம். அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. விற்றவர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடலாம்.

விண்டோஸ் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். இடது பக்கம் கீழே 'ரன்' என்ற சின்னப் பெட்டி திறக்கும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர் கொடுங்கள். திறக்கும் ஜன்னலில் மேலே விண்டோஸ் 10 அல்லது 11 என்று பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்து வரிதான் நமக்கு முக்கியம். 'வெர்ஷன் 22எச்2' என்று ஆரம்பித்து, அடைப்புக்குறிக்குள் 'ஓஎஸ் பில்டு' என்று ஒரு எண்ணோடு முடியும். ஓஎஸ் என்பது ஆபரேட்டிங் சிஸ்டம், இங்கே விண்டோஸ். பில்டு என்பது அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மைக்ரோசாப்ட் தரும் எண்.

அந்தப் பில்டு எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 22000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. 19045 என்றால் விண்டோஸ் 10-இன் கடைசி வெர்ஷன். அதைவிடக் குறைந்த எண் என்றால் விண்டோஸ் 10-இலேயே பழையது. வெர்ஷன் பெயரை மட்டும் பார்த்தால் குழப்பம்தான். 22எச்2 என்ற அதே பெயரில் விண்டோஸ் 10-உம் உண்டு, 11-உம் உண்டு. முன்னதன் பில்டு 19045, பின்னதன் பில்டு 22621. "22எச்2 சார்" என்று மட்டும் போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸ் 11 வெளிவந்தபோது மைக்ரோசாப்ட் அதன் உள் எண்ணை மாற்றவில்லை. பழைய மென்பொருள்கள் தடுமாறக் கூடாது என்று 10.0 என்பதையே விட்டுவைத்தார்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளைகளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து வி, இ, ஆர் என்று அடித்துப் பாருங்கள். விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரும் 10.0 என்றுதான் ஆரம்பிக்கும். பிரவுசர் ஒரு வெப்சைட்டுக்குத் தன்னைப் பற்றி அனுப்பும் வரியிலும் இரண்டுக்கும் 10.0-தான். அதனால் "உங்கள் ஓஎஸ் எது" என்று கண்டுபிடித்துச் சொல்லும் இணையதளங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதே கமாண்ட் 6.1 என்று காட்டினால் அது விண்டோஸ் 7. 6.2 என்றால் 8, 6.3 என்றால் 8.1.

சரி, எத்தனை பிட் என்பதற்கு வருவோம். பிராசஸரும் விண்டோஸும் ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவு அது, 32 அல்லது 64. முதலில் திறந்த ஜன்னலில் அது இருக்காது. விண்டோஸ் கீயோடு ஐ எழுத்தைத் தட்டினால் செட்டிங்ஸ் திறக்கும். சிஸ்டம் என்பதற்குள் போய், கடைசி வரை இறங்கி, 'அபௌட்' என்பதைத் திறங்கள். 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் இரண்டு விவரங்கள் சேர்ந்து இருக்கும். முதல் பாதி, போட்டிருக்கும் விண்டோஸைப் பற்றியது. இரண்டாம் பாதி, உள்ளே இருக்கும் பிராசஸரைப் பற்றியது. '32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்' என்று இருந்தால், 64 பிட் ஓட்டக்கூடிய பிராசஸரின் மேல் யாரோ 32 பிட் விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

உங்கள் கம்ப்யூட்டரில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். 64 பிட் புரோகிராம் ஒன்றை 32 பிட் விண்டோஸில் திறந்தால் நீங்கள் எழுதிய அதே செய்திதான் வரும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே அந்த வரியில் 32 என்று பார்த்துவிட்டால், திரை எப்படி இருந்தாலும் அது விண்டோஸ் 11 இல்லை.

அதே பக்கத்தில் 'இன்ஸ்டால்ட் ராம்' வரியையும் பாருங்கள். 8 ஜிபி என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மூன்று ஜிபி சொச்சம் மட்டும் 'யூசபிள்' என்று இருந்தால், அதற்கும் பெரும்பாலும் 32 பிட்தான் காரணம். நாம் பயன்படுத்தும் 32 பிட் விண்டோஸ் பதிப்புகளால் 4 ஜிபி-க்கு மேல் தொட முடியாது. காசு கொடுத்து வாங்கிய ராமில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கடையிலேயே இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அரை நிமிஷ வேலைதான்.

32 பிட் என்று உறுதியானால், பிரிண்டர் கம்பெனியின் தளத்தில் விண்டோஸ் 10, 32 பிட் என்று தேர்ந்தெடுத்து டிரைவரை இறக்குங்கள். பல மாடல்களுக்கு அது தனியாக இருக்கும். கடை இன்றைக்கே ஓட அது போதும். நிரந்தரமாகச் சரிசெய்ய 64 பிட் விண்டோஸ் போட வேண்டும். 32-ஐ அப்டேட் மூலம் 64 ஆக்க வழியில்லை. டிரைவைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். வாடிக்கையாளர் ஃபைல்கள், டேலி டேட்டா எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். லைசன்ஸ் முறையானதாக இருந்தால், அதே எடிஷனின் 64 பிட்டுக்கும் அது செல்லும். எடிஷன் என்பது ஹோம், ப்ரோ என்று வருவது. அதுவும் 'அபௌட்' பக்கத்திலேயே இருக்கிறது.

எடிஷன் வரியை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்கச் சொல்வேன். நம் ஊரில் விற்கும் வீட்டு உபயோக லேப்டாப்கள் பெரும்பாலும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' எடிஷனோடுதான் வரும். அப்படி வந்த இயந்திரத்தில் இப்போது 'ப்ரோ' அல்லது 'என்டர்பிரைஸ்' என்று இருந்தால், லைசன்ஸ் எங்கிருந்து வந்தது என்று விற்றவரிடம் கட்டாயம் கேளுங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நாலு பேருடைய ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் உங்கள் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. திருட்டு விண்டோஸோடு கூட வேறு என்ன ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியாது.

பில்டு எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வருவது மாதாந்திர அப்டேட்டின் எண். மைக்ரோசாப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டை விடும். ஏறியதும் அந்த எண் கூடும். மாதக்கணக்கில் அது நகரவே இல்லை என்றால் அப்டேட் நின்றிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 22எச்2 வைத்திருப்பவர்கள் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 என்றாலும் எல்லா வெர்ஷனும் நடப்பில் இல்லை. ஹோம், ப்ரோ எடிஷன்களில் 23எச்2-க்கான ஆதரவு 2025 நவம்பர் 11-இல் நின்றது. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரையும், 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12 வரையும் தேதி குறித்திருக்கிறார்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் இடது மேல் மூலையில் ஆப்பிள் சின்னத்தைத் தட்டி 'அபௌட் திஸ் மேக்' என்பதைப் பார்த்தால் போதும். மேக்ஓஎஸ் வெர்ஷன் 15-க்கு அடுத்து 26 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஆப்பிள் 2025-இல் எண்ணிக்கை முறையையே மாற்றிவிட்டது. உபுண்டு, இந்தியாவில் உருவான பாஸ் (BOSS) போன்ற லினக்ஸ்களில் செட்டிங்ஸின் 'அபௌட்' பகுதியில் பெயரும் வெர்ஷனும் இருக்கும். கூடவே தெரியும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எண் வேறு, உபுண்டு வெர்ஷன் வேறு. கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது உபுண்டு வெர்ஷனைத்தான்.

கஸ்டமர் கேருக்கு மறுபடி போன் செய்யும்போது விண்டோஸ் பெயர், எடிஷன், பில்டு எண், எத்தனை பிட் என்ற நான்கையும் சொல்லுங்கள். வாயால் சொல்லச் சிரமமாக இருந்தால் 'அபௌட்' பக்கத்தில் விவரங்களுக்குப் பக்கத்திலேயே 'காப்பி' பட்டன் இருக்கிறது. சிஸ்டம் டைப் ஒரு பகுதியிலும் பில்டு எண் இன்னொரு பகுதியிலும் இருப்பதால், இரண்டையும் தனித்தனியாகக் காப்பி செய்து வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒட்டி அனுப்பிவிடுங்கள்.