வாசகர் கேள்வி பதில்: கடைசித் தவணை ஏன் வருவதில்லை?

கேள்வி: மட்டக்களப்பில் நடந்த ஒரு வாழ்வாதாரத் திட்டத்தை மதிப்பீடு செய்து, கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு அறிக்கை கொடுத்தேன். "இறுதி அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் 40%" என்று ஒப்பந்தத்தில் உள்ளது. மூன்று மாதமாகிறது, ஏற்றோம் என்றும் இல்லை, திருத்துங்கள் என்றும் இல்லை.
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: உங்கள் காசு மாட்டிக்கொண்டிருப்பது "ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்" என்ற இடத்தில்தான். யார் ஏற்பது, எத்தனை நாளுக்குள், பதிலே வராவிட்டால் என்ன என்ற எதுவும் அதில் இல்லை. திட்ட அலுவலர் மாறிப்போனாலோ நன்கொடையாளர் காசு பிந்தினாலோ கையெழுத்து வைக்க ஆள் இராது.

இப்போது செய்யவேண்டியது: அறிக்கை அனுப்பிய அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக எழுதுங்கள். அனுப்பிய திகதியைக் குறிப்பிட்டு, 14 நாட்களுக்குள் எழுத்தில் கருத்துத் தரும்படி கேட்டு, மீதித் தொகைக்கான இன்வொய்ஸை இணையுங்கள். நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்கும் பிரதி போகட்டும். தொலைபேசியில் எத்தனை தடவை கேட்டாலும் பதிவு நிற்காது. மின்னஞ்சல் நிற்கும், 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்குச் சட்டப் பெறுமதி தருகிறது. அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். காலாவதிச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட 6 ஆண்டு உண்டு. வெறும் வாய்ப்பேச்சில் செய்த வேலைக்கான கூலி என்றால் 1 ஆண்டுதான். "தெரிந்த ஆட்கள்தானே" என்று கடதாசி இல்லாமல் தொடங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஒப்பந்தத்தில் தவணையை உடையுங்கள்: கையொப்பத்தின்போது 20%, ஆரம்ப அறிக்கைக்கு 30%, வரைபுக்கு 35%, இறுதிக்கு 15%. கடைசியில் நிற்கும் தொகை சிறிதாக இருந்தால் அது பிந்தினாலும் வீட்டுச் செலவு நிற்காது. பிறகு இந்த வசனத்தைச் சேருங்கள்: "அறிக்கை கிடைத்து 10 வேலை நாட்களுக்குள் நிறுவனம் தன் கருத்துகள் முழுவதையும் ஒரே தடவையில் எழுத்தில் தரவேண்டும், தராவிடின் அறிக்கை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்." ஒரே தடவையில் என்பது முக்கியம். இல்லையேல் இன்று ஒருவர், அடுத்த கிழமை இன்னொருவர் என்று திருத்தம் வந்துகொண்டே இருக்கும். இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள். மூன்றாவது சுற்றுக்கு நாட்கூலி என்றும் எழுதுங்கள். கூடுதலாக ஒரு கிராமத்தில் தகவல் திரட்டச் சொன்னால் அது திருத்தம் அல்ல, புதிய வேலை.

"உரிய காலத்தில் செலுத்தப்படும்" என்றிருந்தால் வெட்டி, "இன்வொய்ஸ் கிடைத்து 30 நாட்களுக்குள்" என்று போடுங்கள். "நன்கொடையாளரிடமிருந்து நிதி கிடைத்த பின்" என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், "எப்படியாயினும் 60 நாட்களுக்கு மேற்படாமல்" என்றாவது சேர்க்க வேண்டும். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு ஒப்பமிடுவது நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதுதான்.

கேள்வி: மாதம் 150,000 ரூபா கட்டணம். அதில் 7,500ஐக் கழித்துத் தருகிறார்கள். சரியா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: சரி. ஊழியரல்லாத தனிநபருக்கு மாதம் 100,000 ரூபாவைத் தாண்டும் சேவைக் கட்டணத்தில் 5% நிறுத்திவைத்தல் வரி (காசு கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி), 2023 ஜனவரி முதல். அந்தக் காசு உங்கள் டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கத்தில் கட்டப்பட்டதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், பலர் வாங்குவதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் வரி விடுப்பு, அதாவது வரி இல்லாத வருமான எல்லை, ஆண்டுக்கு 1,800,000. உங்களுக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் 12 மாதக் கட்டணம் சரியாக அவ்வளவுதான். கழித்த 90,000ஐயும் மீளக் கோரலாம். ஆனால் வரி விபரத்திரட்டு அனுப்பவேண்டும். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு அதே வருடம் நவம்பர் 30 கடைசி நாள். சான்றிதழ் இல்லாமல் இறைவரித் திணைக்களத்தில் போய்ப் பேசுவது கஷ்டம்.

கேள்வி: "சுயாதீன ஆலோசகர்" என்று ஒப்பந்தம். ஆனால் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை அவர்களுடைய அலுவலகம், லீவுக்கு அனுமதி, வேறு இடத்தில் வேலை செய்யத் தடை. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கேட்கலாமா?
(வாசகி, ஏறாவூர்)

பதில்: கேட்கலாம். தலைப்பில் எழுதியதை மட்டும் வைத்துச் சட்டம் தீர்மானிப்பதில்லை. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவி யாருடையது, வேறு வாடிக்கையாளரை எடுக்க விடுகிறார்களா என்பவைதான் பார்க்கப்படும். நீங்கள் சொல்வதெல்லாம் ஊழியரின் அடையாளங்கள். ஊழியரென்றால் ஈ.பி.எஃப்.க்குச் சம்பளத்தில் தொழில்தருநர் 12%, நீங்கள் 8%, அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3% தொழில்தருநர் மட்டும். முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம். வரவுப் பதிவு, லீவுக் கடிதம், மாதாந்த வங்கிக் கூற்று கையில் இருக்கவேண்டும்.

உண்மையிலேயே ஆலோசகராகத்தான் இருக்க விருப்பமென்றால் லீவு, நேரம் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு, கொடுக்கவேண்டிய வேலையையும் திகதியையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கச் சலுகையும் ஒரே ஒப்பந்தத்தில் கிடைக்காது.

கேள்வி: டிசம்பரில் களவேலை முடிக்கச் சொல்கிறார்கள். பிந்தினால் கட்டணத்தில் நாளுக்குக் கழிவு. ஒப்புக்கொள்ளலாமா?
(வாசகர், கல்முனை)

பதில்: நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்கில், நம் பக்கம், மாரி என்று கொழும்பில் இருந்து ஒப்பந்தம் எழுதுபவருக்கு நினைவிருக்காது. படுவான்கரை, வாகரைப் பக்கம் வெள்ளத்தில் பாதை அடைபட்டால் நேர்காணலுக்குப் போகவே முடியாது. "வீதி மூடல், வெள்ளம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கை ஆகியவற்றால் இழக்கும் நாட்கள் கால எல்லையில் சேர்க்கப்படும், அந்நாட்களுக்குக் கழிவு இல்லை" என்று எழுதுங்கள். கழிவுக்கு உச்ச வரம்பு, மொத்தக் கட்டணத்தின் 5% என்று வையுங்கள். வாகனச் செலவைக் கட்டணத்துக்குள் புதைக்காமல் கி.மீ. கணக்கில் தனியாகக் கேளுங்கள். சுற்றுவழியில் போகவேண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழாது.