நான்கு வசனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரி நாடகக் குழுவின் நாடகம் போன மாதம் அரங்கேறியது. ஏழு வாரம் ஒத்திகை, தினமும் வகுப்பு முடிந்து மூன்று மணி நேரம். எனக்குத் தபால்காரர் வேடம். மொத்தம் நான்கு வசனம். மற்ற நேரமெல்லாம் செட் தூக்கினேன், உடைகளுக்கு இஸ்திரி போட்டேன், மற்றவர்களை உட்காரவைத்து வசனம் ஒப்பிக்கச் சொன்னேன். ஒரு மணி இருபது நிமிடத்தில் நாடகம் முடிந்தது. கைதட்டல் நன்றாகவே இருந்தது. அன்று இரவே செட்டைப் பிரித்துவிட்டோம்.

அப்புறம் எனக்கு எதுவுமே ஓடவில்லை. சாயங்காலம் ஆனால் கால் தானாக அரங்கத்துப் பக்கம் போகிறது. போன வாரம் நாடகத்தின் வீடியோ வந்தது. பார்த்ததும் இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று ஆகிவிட்டது. நான் வரும் காட்சியில் என் முகம்கூடத் தெரியவில்லை. வீட்டில் ‘நாலு வசனத்துக்காக ஒரு செமஸ்டரைத் தொலைத்துவிட்டாய்’ என்கிறார்கள். நீங்களும் மாணவராக இருந்தபோது நாடகத்தில் வேலை செய்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடம் கழித்து அதிலிருந்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

எம்.

அன்புள்ள எம்,

முதலில் அந்த வீடியோவை மூடி வையுங்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டில் வைத்து எடுத்திருப்பார்கள். மேடை விளக்கில் கேமரா தடுமாறும். வெளிச்சத்தில் நிற்பவர் முகம் வெளுத்துவிடும், ஓரத்தில் நிற்பவர் இருட்டோடு போய்விடுவார். மைக் தூரத்தில் இருப்பதால் வசனத்தைவிடக் கூடத்தின் எதிரொலிதான் அதிகம் கேட்கும். அரங்கில் உட்கார்ந்திருந்தவரின் கண் உங்கள் கையில் இருந்த கடிதத்தைத் தேடிப் போயிருக்கும், அந்தக் கணத்தில் அவருக்கு மேடையில் வேறு எதுவும் தெரிந்திருக்காது. கேமராவுக்கு அப்படித் தேடத் தெரியாது. கடைசி வரிசை வரை போகவேண்டும் என்று நீங்கள் ஏற்றிப் பேசிய குரல், வீடியோவில் கத்தல் மாதிரி கேட்கத்தான் செய்யும். அன்று நடந்ததற்கு அந்த வீடியோவைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து நான்கு வசனம். ‘சிறிய பாத்திரம் என்று எதுவும் இல்லை, சிறிய நடிகர்கள்தான் உண்டு’ என்று ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் பெயரைச் சேர்த்து ஒரு வாசகம் சொல்வார்கள். உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. சிறிய பாத்திரம் உண்டு. நான்கு வசனம் நான்கு வசனம்தான், மனசு கேட்காமல் இருந்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் சிறிய பாத்திரக்காரருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு இடம் இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. நான் பிராம்ப்டர். பக்கத்திரைக்குப் பின்னால் ஸ்கிரிப்டோடு நின்று, மறந்தவருக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை. எங்கள் சீனியர் ஒருவரே எழுதி இயக்கிய நாடகம். ஒரு கிழவர், இரண்டு மகன்கள், வீட்டைப் பிரிக்கும் ஒரு இரவு. மூத்தவன் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பான். கிழவர் உடனே பேசமாட்டார். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும் என்பது இயக்குநரின் கணக்கு. பத்து விநாடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லை. மேடையில் அது பெரிய நேரம். நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கும்.

உடையலங்காரத்தோடு நடந்த முதல் ஒத்திகை. கிழவராக நடித்தவன் அன்று அந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஐந்து விநாடி ஆகியிருக்கும், எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. வசனத்தின் முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அவன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். இயக்குநர் ஒத்திகையை நிறுத்திவிட்டு, குரல் உயர்த்தாமல் சொன்னார்: “அவன் மறக்கல. யோசிச்சிட்டு இருந்தான்.”

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் ஸ்கிரிப்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எப்படியும் முழுக்க மனப்பாடம். அவனையே பார்க்க ஆரம்பித்தேன். நான் நின்ற இடத்திலிருந்து அவனுடைய இடது பக்கம் மட்டும்தான் தெரியும். மறந்துபோனால் அவனுடைய இடது கை தோளில் கிடக்கும் துண்டைத் தடவும். மூச்சு மேல்நெஞ்சில் நிற்கும், தோள் இம்மியளவு ஏறும். கண் முதலில் தரைக்குப் போகும், பிறகு என்னிடம் வரும். யோசிக்கும்போது இதில் ஒன்றும் நடக்காது. கை கிடந்த இடத்திலேயே கிடக்கும். கண் மூத்தவன் முகத்தை விட்டு நகராது. இரண்டும் வெளியில் ஒரே மௌனம்தான். ஆனால் ஒன்றில் அவனுக்கு நான் வேண்டும், இன்னொன்றில் நான் வாயைத் திறந்தால் பாவம். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு மூன்று ஒத்திகை ஆயிற்று. அன்றைக்கு அது பிராம்ப்டிங்கில் ஒரு நுணுக்கம் என்றுதான் நினைத்தேன்.

அரங்கேற்றத்தன்று நடந்ததைச் சொல்கிறேன், இது உங்களுக்காக. மூத்தவன் பாத்திரக்காரன் ஒரு முழுப் பக்கத்தைத் தாண்டிவிட்டான். வீட்டை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டதை அவன் ஒப்புக்கொள்ளும் பக்கம் அது. அது இல்லாவிட்டால் கிழவர் கடைசியில் எடுக்கும் முடிவுக்கு அர்த்தமே கிடையாது. நின்றுபோனவருக்குத்தான் பிராம்ப்டரால் உதவமுடியும். இவர்கள் இரண்டு பேரும் நிற்காமல், நம்பிக்கையோடு தப்பான வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். என் கையில் ஸ்கிரிப்ட் நடுங்கியது.

பக்கத்தில் அண்டை வீட்டுப் பெண்ணாக நடித்தவள் நின்றிருந்தாள். அவளுக்கு மொத்தமே இரண்டு வசனம். அவள் உள்ளே போவதற்கு அடையாளமான வசனம், அதாவது க்யூ, தொலைந்துபோன அந்தப் பக்கத்தில் இருந்தது. அவள் ஸ்கிரிப்டை எட்டிப் பார்த்தாள், நான் விட்டுப்போன இடத்தை விரலால் காட்டினேன். தலையாட்டினாள். கிழவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் உள்ளே போனாள். “வெளிச்சம் தெரியுதே, இன்னும் தூங்கலையா?” இது அவளுடைய வசனம். பிறகு மூத்தவன் பக்கம் திரும்பி, ஸ்கிரிப்டில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: “அடகு வெச்சதை அப்பாகிட்ட சொல்லிட்டியா, இல்லையா?”

மூத்தவன் முகத்தில் வந்த அதிர்ச்சியில் நடிப்பே இல்லை. கிழவர் ஒரு கணம் பொறுத்து, “என்ன அடகு?” என்றார். ஒரு பக்கம் முழுதும் ஒரே கேள்வியில் திரும்பி வந்துவிட்டது. நாடகம் முடிந்ததும் பார்த்தவர்களில் இரண்டு மூன்று பேர் அந்தக் காட்சியைத்தான் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள்.

அவளால் எப்படி முடிந்தது? இரண்டு வசனக்காரி என்பதால்தான். தன்னுடைய முறை வரும் வரை எல்லா ஒத்திகையிலும் உட்கார்ந்து, எல்லோர் வசனத்தையும் கேட்டுக் கேட்டு, நாடகம் முழுக்க அவளுக்குள் இருந்தது. கதாநாயகனுக்குத் தன்னுடைய பாதைதான் தெரியும். நீங்கள் மற்றவர்களை ஒப்பிக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

விளக்குக்காரனைப் பற்றியும் சொல்லவேண்டும். செட்டில் வீட்டு முகப்புக்காக ஒரு தூண் நிறுத்தியிருந்தோம். முதல் லைட்டிங் ஒத்திகையில் அந்தத் தூணின் நிழல் கிழவர் முகத்தைச் சரியாக இரண்டாக வெட்டியது. அவன் ஒரு சாயங்காலம் முழுக்க ஏணியில் ஏறி இறங்கி விளக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். பல வருடம் கழித்து சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தேன். மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லி, மூன்று வகைத் திரைகளையும் சொல்கிற இடம். அங்கே ‘தூண்நிழற் புறப்பட மாண்விளக் கெடுத்து’ என்று ஒரு வரி. தூணின் நிழல் மேடையில் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைத்தார்களாம். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இளங்கோவுக்குத் தெரிந்த சிக்கலோடு எங்கள் ஏணிப் பையன் ஒரு சாயங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறான். நானும் ஒரு நாடகத்தில் நின்றிருக்காவிட்டால் அந்த வரியைச் சும்மா கடந்து போயிருப்பேன்.

வீட்டில் சொல்வதற்கு வருகிறேன். அவர்கள் கவலை நியாயமானது, சண்டை போடாதீர்கள். ஆனால் பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். 1873இல் பிறந்தவர், 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 18 வயது, கிட்டத்தட்ட உங்கள் வயது. பிற்பாடு வக்கீலாக இருந்தார், நீதிபதியாகவும் வேலை பார்த்தார், நாடகத்தையும் விடவில்லை. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை என்கிறேன், அவ்வளவுதான். படிப்பில் விட்டதை அடுத்த செமஸ்டரில் பிடியுங்கள்.

சாயங்காலத்து வெறுமைக்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்கும் அது இரண்டு மாதம் இருந்தது. ஏழு வாரம் தினமும் மூன்று மணி நேரம், பத்துப் பதினைந்து பேரின் மூச்சைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அது ஒரே ராத்திரியில் நின்றுபோனால் உடம்புக்குத் தெரியாதா? கால் அந்தப் பக்கம் போனால் போகட்டும்.

என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறியது. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்பார். சுற்றி இருக்கும் எல்லோரும் பாசத்தோடு எடுத்துக்கொடுப்போம். தண்ணியா? போர்வையா? ஃபேனை நிறுத்தணுமா? அவர் கண்ணை மூடிக்கொள்வார். அலுத்துப்போய் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவார். நாமும் உதவிவிட்டதாக நினைத்துக்கொண்டு போவோம்.

ஒரு நாள் நான் மட்டும் இருந்தேன். “அந்த...” என்று ஆரம்பித்து நின்றார். என் வாய்வரை வார்த்தை வந்துவிட்டது. அப்போது அவர் கையைப் பார்த்தேன். போர்வையின் மேல் அசையாமல் கிடந்தது. கண் என்னிடம் உதவி கேட்கவில்லை, எதிர்ச் சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மறக்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் கழித்து, அதே இடத்தில் நிற்பது மாதிரி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. பேசாமல் உட்கார்ந்தேன். பத்து விநாடியைவிட எவ்வளவோ நீளம். “கண்ணாடி” என்றார். மூக்குக்கண்ணாடி. அதை நாங்கள் யாரும் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. எடுத்து மாட்டிவிட்டேன். என்னை நன்றாகப் பார்த்தார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரிடமும், அவர் பேச ஆரம்பித்தால் பொறுத்திருங்கள் என்று சொல்லிவைத்தேன். கடைசி வரை நிறையப் பேசினார்.

உங்களிடம் எது தங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இப்போது உங்களுக்கும் தெரியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த நான்கு வசனத்துக்கும் பக்கத்தில், எங்கே நின்றீர்கள், எதிரில் இருந்தவர் கை எப்படி இருந்தது, எந்த இடத்தில் மூச்சு எடுத்தீர்கள் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். இந்த வாரமே எழுதுங்கள், இது சீக்கிரம் மறந்துபோகும். என் பிரதியில் கிழவரின் மௌனத்துக்குப் பக்கத்தில் ‘பொறு’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். காகிதம் பழுத்துவிட்டது, பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.