கையெழுத்துக்கு முன் ஒரு கண்ணாடி

கேள்வி: எனக்கு 52 வயது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். இளவயதிலிருந்தே இயக்கத்தில் இருக்கிறேன். பெண்ணுரிமை பற்றி மேடைகளில் பேசியவன். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதால் 2021 தேர்தலில் மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தேன். இப்போது இந்த ஒதுக்கீடே தவறோ என்று தோன்றுகிறது. முன்பு நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். போன வருடம் மகளோடு போய் ஒரு கண்ணாடி வாங்கி வந்ததிலிருந்து, எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போடுகிறாள். ஒரு பில் பாஸாக ஒரு வாரம் ஆகிறது. கல்லூரியில் படிக்கும் மகளோ, ‘அப்பா மாறிவிட்டார்’ என்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வயதானால் கொள்கை மாறுவது இயல்புதானே? சமூகம் அளவுக்கு மீறி வேகமாகப் போகிறதா? மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஐயா, கொள்கையும் சமூகமும் கொஞ்சம் காத்திருக்கட்டும். எனக்கு அந்தக் கண்ணாடியைப் பற்றித் தெரிய வேண்டும்.

உங்கள் மனைவிக்கு வெள்ளெழுத்து என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது? அவர் வாங்கிக்கொண்டு வந்த பிறகா? அப்படியானால் பதவியேற்ற நாளிலிருந்து போன வருடம் வரை, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளுக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை நீங்கள் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. விரலை வைத்துக் காட்டினால் போதுமாக இருந்தது. கட்டிய மனைவிக்கு எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது கணவனின் கடமை. பெண்ணுரிமை மேடைகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தத் தாள்கள் என்னென்ன என்று எனக்குத் தெரியாது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது தெரியும். தணிக்கையில் ஆட்சேபம் எழுந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். ஆட்சியர் பதவி நீக்கம் செய்வதென்றாலும் அவரைத்தான் செய்வார். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இதற்குப் பெயர் குடும்பமா?

இனி உங்கள் கொள்கைக்கு வருவோம். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒதுக்கீடு 50 சதவீதம் என்று சட்டம் ஆனது 2016இல். 2021இல் அது உங்களுக்கு நல்ல சட்டமாக இருந்தது. கண்ணாடி வந்ததும் கெட்ட சட்டமாகிவிட்டது. நடுவில் சட்டத்தில் மாற்றம் எதுவும் இல்லை. செய்வதும் நம்புவதும் முட்டிக்கொண்டால் மனம் தவிக்கும், செய்வதை விட முடியாதபோது நம்புவதை வளைத்துக்கொள்ளும் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இலேயே எழுதிவிட்டார். கிடைத்ததைவிடப் பறிபோனது கூடுதலாக உறைக்கும் என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினார்கள். ‘என் பிடி போய்விட்டது’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது. அதனால் ‘நிர்வாகம் கெடுகிறது’ என்கிறோம். காலம் மாறும்போதெல்லாம் அரசியல் கருத்து என்று நம் காதில் விழுவதில் பெரும்பகுதி இந்த வயிற்றெரிச்சல்தான். இதில் கட்சி வித்தியாசம் கிடையாது.

மேற்கு வங்கத்தில், பெண் தலைவர்களைப் பார்த்துப் பழகிய கிராமங்களைப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். பெண்ணுக்கு நிர்வாகம் வராது என்ற ஆண்களின் எண்ணம் அங்கே கரைந்திருந்தது. ஆண் தலைவர்தான் பிடிக்கும் என்ற விருப்பம் மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் நிற்கும் இடம் அதுதான். உங்கள் மனைவிக்கு நிர்வாகம் தெரியாது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. பில்லைப் படிக்கிறார் என்பதுதானே உங்கள் புகார்! அதே குழு பீர்பூம் மாவட்டத்தின் 495 கிராமங்களில் இன்னொன்றையும் பார்த்தது. இரண்டு தேர்தல்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், மகனைப் பற்றிப் பெற்றோர் காணும் கனவுக்கும் மகளைப் பற்றிக் காணும் கனவுக்கும் இருந்த இடைவெளி கணிசமாகக் குறைந்திருந்தது. ஊரில் யாரோ ஒரு பெண் தலைவரானதற்கே இந்தப் பலன். உங்கள் மகளுக்குத் தலைவர் சொந்த அம்மா.

வேகமா? உங்கள் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாநாடு கூடி, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். அறுபது வருடம் எடுத்துக்கொண்ட வேகத்தில் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது.

மகளுக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. அம்மாவைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போன அன்றே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளிடம் கொள்கை விளக்கம் பேசப் போகாதீர்கள். ஊராட்சி முத்திரை உங்கள் பையில் இருந்தால் இன்றைக்கே அதை மனைவியின் மேசையில் வையுங்கள். ஊரில் யாராவது உங்களைத் ‘தலைவரே’ என்று கூப்பிட்டால், தலைவர் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் மேடைப் பக்கம் போகாமல் ஊர்க்காரர்களோடு உட்காருங்கள். கேள்வி இருந்தால் கை தூக்கிக் கேளுங்கள். அவர் பதில் சொல்வார்.

கடைசியாக, ஒரு வாரம் தாமதமான அந்த பில். அது என்ன வேலைக்கு, ஒப்பந்ததாரர் உங்களுக்கு என்ன வேண்டும், படித்துவிட்டு உங்கள் மனைவி அதில் எந்த வரியைக் கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள்.